தலைமாட்டில் இருப்பவன்

ஆபரேஷன் அன்று காலையில் டீ குடிக்கலாமா என்று கேட்காத நோயாளியை நான் பார்த்ததில்லை. பால் டீ கூடாது என்பேன். பால் ஊற்றாமல்? சீக்கிரம் எழுந்து குடித்துவிட்டால் பரவாயில்லை என்பேன். உடனே, "தொட்டுக்க ஒரே ஒரு பிஸ்கட்?" என்று வரும். வயிற்றில் கிடப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே போய் மனைவியிடம், "பிஸ்கட் சாப்பிடலாமாம்" என்பார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் வேலை இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது, அதனால் நானும் அங்கேயே தொடங்குகிறேன். நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

நான் மயக்க மருந்து மருத்துவன். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகள் என் அறைக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். லிஃப்டுக்குப் பக்கத்தில், முன்பு அழுக்குத் துணி போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. வெளியே பலகையில் என் பெயர் இருக்காது, 'மயக்கப் பிரிவு' என்று மட்டும் இருக்கும். மருத்துவமனைக்குள் எனக்குத் 'தாலாட்டு' என்று பட்டப்பெயர். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா வைத்தது. "தாலாட்டைக் கூப்பிடுங்க" என்றால் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். நானும் சிரித்துக்கொள்வேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமான பெயர் வரும்.

முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலிக்குமாமே என்று கேட்பார்கள். அப்படி வலிக்கிற ஒரு சித்தியோ அத்தையோ எல்லோர் வீட்டிலும் இருக்கிறார். வலி மருந்துக்கு அடிமையாகிவிடுவேனா என்று, விரலில் சிகரெட் வாசத்தோடு கேட்பார்கள். மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவேனா என்று ஆண்கள் கேட்பார்கள், மனைவி வெளியே போன பிறகு. எல்லாம் முடிந்து எழுந்து கதவு வரை போனவர்கள் திரும்பி நிற்பார்கள். கேட்க வந்த கேள்வி அப்போதுதான் வெளியே வரும்.

"நடுவுல முழிச்சுட மாட்டேனே டாக்டர்?"

"மாட்டீங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்."

அது பொய்யில்லை. அறுக்கிறவர் வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நர்ஸ்கள் மாறுவார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற நான் மட்டும் நகர மாட்டேன். அவர்களுடைய மூச்சு என் கையில் இருக்கும். ஒரு மனிதனுக்காக இன்னொரு மனிதன் மூச்சு விடுவதென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. கண் விழித்ததும் அவர்கள் கேட்பது, "டாக்டரம்மா எங்க? அவங்களைக் கும்பிடணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுப்பா."

பல வருஷம் ஃபேனைப் போட்டேன்.

கணக்கு டீச்சர் வந்தது கர்ப்பப்பையை எடுக்க. கூடவே கணவர். டீச்சர் கேட்ட கேள்விகள் நன்றாக இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. எந்த மருந்து எதற்கு என்று கேட்டார். நான் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று பார்த்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் சொல்லச் சொல்வார்கள் என்றேன்.

"அப்போ இந்தப் பரீட்சையில பெயிலானாதான் நல்லதுன்னு சொல்லுங்க" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் நினைப்பதுபோல் எடுத்த எடுப்பிலேயே வன்மம் எதுவும் இல்லை.

இதற்கு முன் மயக்க மருந்து எடுத்திருக்கிறீர்களா என்பது நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"பொண்ணு பொறந்தப்போ முதுகுல ஊசி போட்டாங்க. இதே ஆஸ்பத்திரிதான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அவரை ஏற்கெனவே ஞாபகம் வந்திருந்தது. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"யாரு போட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"யாரோ ஒரு கம்பவுண்டர் மாதிரி. தலைமாட்டுல நின்னுக்கிட்டுத் தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்தாரு. வாயை மூடுங்கன்னு சொல்லலாமான்னு இருந்துச்சு." கணவரைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டரம்மாதான் எங்களுக்குத் தெய்வம். பொண்ணு பொறந்ததும் அழவே இல்லையாம். அவங்கதான் காப்பாத்திக் கொடுத்தாங்க. அதான் அவங்க பேரையே வெச்சுட்டோம்."

அன்று நடந்தது இது. டாக்டரம்மாவின் இரண்டு கையும் ரத்தத்துக்குள் இருந்தன. குழந்தை மருத்துவர் இன்னும் வந்து சேரவில்லை. குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. அதன் வாயைத் துடைத்து, சின்ன முகமூடியை வைத்து, மூச்சை ஊட்டியது நான். தாய் பயந்துவிடக் கூடாது என்று கையில் அந்த வேலையையும் வாயில் பேச்சையும் சேர்த்தே நடத்தினேன். தொணதொணவென்று பேசியது அதற்காக. குழந்தை வீல் என்று கத்தியதும் அதைத் துணியில் சுற்றி நர்ஸிடம் கொடுத்தேன். நர்ஸ் டாக்டரம்மாவிடம் காட்டினார். கணவரிடம் போய்ச் சொன்னது டாக்டரம்மா.

பரிவு தேடி இதைச் சொல்லவில்லை. காரணம் கேட்டீர்கள், சொன்னேன்.

நான்தான் அந்தக் கம்பவுண்டர் என்று டீச்சரிடம் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற நன்றி, கடையில் வாங்குகிற பூ மாதிரி. அவர் கதவு வரை போய், எல்லோரையும் போலவே திரும்பி நின்றார்.

"நடுவுல முழிப்பு வந்துடாதே?"

"கவலைப்படாதீங்க டீச்சர். இந்தத் தடவை என்னை மறக்க மாட்டீங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் சொன்ன பதில் அவர் கேட்ட கேள்விக்கு இல்லை என்பதை ஒரு கணக்கு டீச்சர் கவனித்திருக்க வேண்டும்.

நீங்கள் மயக்கம் என்று ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று காரியங்கள். நினைவை அணைப்பது ஒன்று. வலியைத் தடுப்பது ஒன்று. உடம்பு அசையாமல் கட்டிப்போடுவது ஒன்று. மூன்றும் சேர்ந்திருந்தால் தூக்கம். மூன்றாவது மட்டும் இருந்தால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுவும் தூக்கம்தான். கைகால் அசையாது, இமை அசையாது, கத்த நினைத்தால் தொண்டையில் குழாய் இருக்கும். முதல் வெட்டு விழுவதற்கு முன்னால் நினைவை அணைக்கும் மருந்தை நிறுத்தினேன். வலி மருந்தை முழுவதும் நிறுத்தவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டரம்மா தன் புதுக் கோட்டுத் துணியைத் தையல்காரன் கெடுத்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே அறுத்தார். கோட்டு விஷயம் முடிந்ததும், "எவ்ளோ கொழுப்பு பாரு, உக்காந்தே பாடம் நடத்துவாங்க போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மானிட்டரில் நாடித் துடிப்பு ஏற ஆரம்பித்தது.

"என்ன தாலாட்டு, தாளம் வேகமாப் போகுது?"

"மருந்து கொடுத்திருக்கேன் மேடம், இப்ப இறங்கிடும்" என்று சொல்லி ஒலியைக் குறைத்தேன்.

ஆபரேஷன் தியேட்டரின் பெரிய சிஸ்டர்தான் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "டாக்டர், அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வருது."

"லைட் வெளிச்சம் சிஸ்டர். இமை மேல டேப் சரியா ஒட்டல."

நானே துடைத்து, டேப்பை மாற்றி ஒட்டினேன். கண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சிஸ்டர் நகர்ந்த பிறகு, டீச்சரின் காதருகில் குனிந்தேன். நோயாளியிடம் எப்போதும் பேசுகிற குரலில்தான் பேசினேன்.

"டீச்சர், நான் பக்கத்துலதான் இருக்கேன். உங்க பொண்ணை அழ வெச்சது நான்தான். இப்ப ஞாபகம் இருக்கும்ல?"

தையல் போடத் தொடங்கியபோது எல்லா மருந்தையும் முழு அளவில் கொடுத்துவிட்டேன். யாரையும் தேவைக்கு மேல் கஷ்டப்படுத்துகிற ஆள் இல்லை நான்.

விழித்தவரிடம், பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி வழக்கம்போல, "அம்மா, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள். டீச்சர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மார்க் போடுற வலி இல்லம்மா" என்றார்.

நான் கட்டிலருகே போனேன். என்னைப் பார்த்ததும் போர்வையை இரண்டு கையாலும் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். ஃபேனைப் போடச் சொல்லவில்லை. என்னை யாரென்று தெரிந்து ஒரு நோயாளி பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் நிறைவாகத் தெரிந்தது.

"நான் எல்லாத்தையும் கேட்டேன். நீங்க பேசுனதையும் கேட்டேன்."

"கனவு டீச்சர். இந்த மருந்து சில பேருக்கு அப்படிக் காட்டும்."

கணவர் என்னை வெளியே அழைத்துக்கொண்டு போய், "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவ எப்பவுமே கொஞ்சம் பதட்டக்காரி" என்று மன்னிப்புக் கேட்டார். நான் அவர் தோளில் தட்டிக்கொடுத்தேன். வீட்டுக்குப் போன பிறகும் மனைவி மல்லாந்து படுக்க மாட்டேன் என்கிறார், யாராவது காதருகில் பேசினால் கத்துகிறார் என்று திரும்ப வந்து சொன்னார். மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். மாமியார் வீட்டில், அறிவாளிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. அவரவர் குடும்பம்.

காரியம் கெட்டது பெரிய சிஸ்டரால். டீச்சர் தையல் பிரிக்க வந்தபோது சிஸ்டர்தான் பஞ்சும் கத்தரியுமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவர் குரலைக் கேட்டதும், "அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வருதுன்னு சொன்னீங்கல்ல. அப்புறம் ஏன் போயிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். கணவர் ஏதோ சொல்ல வந்தபோது, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார், அவங்க சொல்றது அத்தனையும் நெசம்" என்றாராம். அங்கிருந்து நேராக என் அறைக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை.

"உங்களை நம்பித்தானே டாக்டர் கண்ணை மூடுறாங்க. வேலியே பயிரை மேஞ்ச கதையாப் பண்ணிட்டீங்களே."

"உட்காருங்க சிஸ்டர்" என்றேன்.

"உங்க முன்னாடி இனிமே நான் உட்காரவும் மாட்டேன், கண்ணை மூடவும் மாட்டேன்."

பிறகு அவர் உங்களிடம் வந்தார். கூடவே வேலை பார்த்தவரின் நன்றி அவ்வளவுதான்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். உங்கள் கழுத்தில் தழும்பு இருக்கிறது. தைராய்டு. நன்றாகவே தைத்திருக்கிறார்கள். தைத்தவர் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் இருப்பீர்கள். உங்களைத் தூங்க வைத்தது யார்? யோசியுங்கள், எனக்கு அவசரம் இல்லை. உங்கள் தொண்டைக்குள் குழாயை இறக்கி, உங்களுக்காக மூச்சு விட்டுக்கொண்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆணா பெண்ணா என்றாவது தெரியுமா? பார்த்தீர்களா. பாவம், அந்த ஆள் நல்லவராக இருந்திருக்கிறார்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டீர்கள். நோயாளிகளைப் போலவே நீங்களும் முக்கியமானதைக் கதவருகே வைத்துக்கொண்டிருந்தீர்கள். டீச்சர் மட்டும்தானா?

இல்லை.

ஒரு துணிக்கடைக்காரர், நான் விளக்கிக்கொண்டிருந்தபோது போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், ஊசி போடும்போது என்னை "டேய்" என்றவர். இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்கிறேன். அவர்களுக்கு வலி மருந்தும் கொடுக்கவில்லை. டீச்சருக்குப் பாதி கொடுத்தேன். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாதவன் இல்லை நான். அவர்களிடமும் கனவு என்றுதான் சொன்னேன், நம்பிவிட்டார்கள். டிரைவர் வீட்டுக்குப் போனதிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம், யாரிடமும் பேசுவதில்லையாம். வயசாகிவிட்டது என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் போய்ச் சொல்வதென்றால் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. விசாரணைக்கு டீச்சரை இங்கே அழைத்து வந்திருந்தீர்கள். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். என்னோடு இருந்த போலீஸ்காரரிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். டீச்சர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். கத்தவில்லை. கைகால் விறைத்துவிட்டது. கண் மட்டும் திறந்திருந்தது, அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கணவர், "தண்ணி, தண்ணி" என்று அங்கும் இங்கும் ஓடினார். பெரிய சிஸ்டர் டீச்சரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். நீங்கள் ஓடிவந்து யார் யாரையோ போனில் கூப்பிட்டீர்கள். நான் எழுந்தேன். போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அவருக்கு எல்லாம் கேட்கிறது, ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் என்று அங்கிருந்தே சொன்னேன். நான் பேசப் பேச அவருக்கு மூச்சு இன்னும் திணறியது, தூரத்திலிருந்து பேசியதால்.

பயந்துபோன நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். என்னை அவர் பக்கத்தில் விட்டிருக்கலாம்.