எடைக்கல் அம்மாவும் பொருந்தாத ஓரமும்

மேடையில் கலங்கி அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, அம்மாவின் கணவரே, மகளே, ஆய்வுக்கூடத்துத் தோழர்களே! மறைந்த அம்மாவுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம்.

முனைவர் எடைக்கல் அம்மா! எந்த அளவையும் சோதிக்காமல் விடாதவருக்கு நாம் வைத்த பட்டப்பெயர். "ஒல்லியா இருக்கற என்னைப் போய் எடைக்கல்லுங்கறீங்களே!" என்று சிரிப்பார். துகள்களின் ஆற்றலை அளக்கும் நமது கலோரிமீட்டர் என்ன காட்டினாலும், "இதை அப்படியே நம்பிடலாமா?" என்று கேட்டவர் அவர். பாய்ந்து வரும் துகள் தன் ஆற்றல் முழுவதையும் கருவியிடம் ஒப்படைப்பதில்லை. கொஞ்சம் வழியிலேயே சிந்திவிடும். சிந்தியது எவ்வளவு? கணினிக்குள் அதே கருவியைக் கட்டி, அதே துகளைப் பாய்ச்சி, கணக்குச் சொன்னவர் யார்? எடைக்கல் அம்மா!

ஒருமுறை கருவியின் ஓரங்களில் அளவு குறைந்தது. கணினி ஒன்று சொன்னது; கருவி வேறு சொன்னது. "ஒரு எண்ணால பெருக்கிச் சரிக்கட்டிடலாமே" என்றார்கள் பலர். "செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டச் சொல்றீங்களா?" என்றார் அம்மா. கருவிக்கு முன்னால் ஓடி, துகளின் ஆற்றலில் கொஞ்சத்தை விழுங்கிவிடும் மின்கம்பிக் கட்டுகளைக் கணினியில் சேர்க்காமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். சேர்த்தோம். ஒரு பக்கத்து ஓரம் பொருந்தியது. மறுபக்கம்? இன்றுவரை பொருந்தவில்லை!

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாற்காலியிலிருந்து சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. பேச்சு போய்விட்டது. மருத்துவமனையில் போய் நின்றேன். உதடு அசைந்தது, விரல் எதையோ காட்டியது. வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கைபேசியில் அந்தப் பொருந்தாத ஓரத்தின் வரைபடத்தைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன, குளிருதா?" என்று கேட்டபடி கணவர் போர்வையை இழுத்து மூடிவிட்டார். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார் அம்மா.

இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவன், குளிர்கிறது என்பதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் நின்றேனே! எங்கள் படிப்பு எதற்கு உதவியது? மறுநாள் போய்விட்டார்.

அன்பர்களே, பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லும் நேரம் இது. சொல்கிறேன். அம்மாவுக்கே பிடிபடாதது எங்களுக்குப் பிடிபடுமா? தெரியாது. பிடிபடும்வரை, "இந்த ஓரம் எங்களுக்குப் புரியவில்லை" என்றே எழுதுவோம். பூசி மெழுக மாட்டோம்.

ஐயா, உங்கள் வீட்டு வெறுமைக்கு எங்களிடம் மருந்தில்லை. நாளைக் காலை கருவியை மறுபடி ஓட்டுவோம். எங்களுக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.