திருத்தாமல் விட்ட கண்

— ஆல்பத்தைத் திருப்பிக் கொடுக்கத்தானே வந்திருக்கீங்க? மேசை மேல வச்சிட்டு உக்காருங்கம்மா. திட்டுறதா இருந்தாலும் உக்காந்தே திட்டலாம்.

— திட்ட வரலைண்ணே. தம்பி கல்யாண ஆல்பம் வந்த அன்னைக்கு ஃபோன்ல நான் ஆடின ஆட்டம் ஏழு ஜென்மத்துக்குப் போதும். ஆமா, உங்க பின்னால மாட்டியிருக்கிற படத்துல யாரு?

— என் பொண்ணு. மூணு வயசுல நான் எடுத்தது.

— என்னா கண்ணு! ரெண்டும் கருகருன்னு. சுத்திப் போடுங்கண்ணே, என் கண்ணே பட்டுடும்போல.

— ம். நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்கம்மா.

— எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. அந்த ஆல்பத்துல எல்லார் கண்ணையும் சரி பண்ணிட்டு, என் பாப்பா கண்ணை மட்டும் ஏன் விட்டீங்கன்னுதானே அன்னைக்குக் கத்தினேன்?

— தப்பு என் பேர்லதான். எப்பவும் ஃப்ளாஷைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைப்பேன். வெளிச்சம் மேல பட்டு மெதுவா இறங்கும், கண்ணு சிவக்காது. அலங்காரம் பண்ணவன் கூரை முழுக்கக் கறுப்புத் துணி கட்டிட்டான். அது அத்தனை வெளிச்சத்தையும் முழுங்கிடுச்சு. வேற வழியில்லாம முகத்துக்கு நேரா அடிச்சேன். மாப்பிள்ளை, பொண்ணு, சம்பந்தி, ஒருத்தர் விடாம எல்லாருக்கும் மீன் கண்ணு மாதிரி செக்கச்செவேல்னு. முப்பது வருஷத் தொழில்ல அப்படி மானம் போனதில்லை.

— துணி கட்டினவன் மகராசனா இருக்கணும்ணே. எல்லாருக்கும் சிவப்பு, என் பாப்பாவுக்கு மட்டும் ஒரு கண்ணு வெள்ளையா மின்னுச்சு. அதையும் திருத்தாம, பெருசாவும் போட்டு, கூடவே ஒரு சீட்டு. "இது கேமரா கோளாறு இல்லை, உடனே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு. கிழிச்சு எறிஞ்சேன். என் வீட்டுக்காரர்தான் பொறுக்கி ஒட்டினார்.

— காட்டினீங்களா?

— கண்ணுக்குள்ள கட்டிண்ணே. கேன்சர். பட்டாம்பூச்சி மாதிரி ஓடிட்டிருந்த பிள்ளைக்கு! இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கண்ணையே எடுத்திருக்கணும்னாங்க. நாலு மாசமா ஆஸ்பத்திரியே கதி. கட்டி சுருங்கிடுச்சு, கண்ணு தப்பிச்சதுன்னு நேத்துதான் சொன்னாங்க. விடிஞ்சதும் ஓடி வந்துட்டேன். உங்க கையைக் கொடுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன்.

— வேண்டாம்மா. இந்தக் கைக்கு அந்த யோக்கியதை இல்லை. சீட்டு எழுதினது என் பொண்ணு. அதோ உள்ள உக்காந்திருக்காளே, அவதான் கம்ப்யூட்டர்ல படம் திருத்துவா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கல்யாண வீட்டுக்காரங்களை ஏன் பயமுறுத்தணும், ஒரு சொட்டு கறுப்பு வச்சு மூடிக் கொடுத்துடு"ன்னேன். ரெண்டு நாள் அவ என்கூடப் பேசலை.

— ஃபோனை எடுத்ததும் அவளா? உனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேட்டேனே, அந்தப் பொண்ணா?

— நானேதான்கா. "ஒண்ணுதான் போச்சு, இன்னொண்ணு நல்லாவே தெரியுது"ன்னு சொல்றதுக்குள்ள வச்சிட்டீங்க.

— ஐயோ தாயி, வா, இப்படி வெளிச்சத்துக்கு வா… அப்போ இந்த இடது கண்ணு?

— கண்ணாடிக் கண்ணுக்கா. பாப்பாவுக்கு வந்த அதே வியாதி. நாலு வயசுல எடுத்துட்டாங்க. உயிர் தப்பிச்சதே பெருசு. அழாதீங்க, எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்த தடவை பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, அப்பா அழகா ஒரு படம் எடுப்பாரு. பாப்பா கண்ணை முதல்ல பார்த்துச் சொன்னதும் அவர்தான், சும்மா பேரை எனக்குக் கொடுக்கிறாரு.

— புளுகாதடி.

— அப்பா, வேண்டாம். பழசை விடுங்க.

— விட முடியலைடா. வாசல் தேடி வந்து நன்றி சொல்றாங்க, அதைத் திருடி வாங்கிக்கச் சொல்றியா? அம்மா, நீங்க வந்ததும் கருகருன்னு இருக்குன்னு சொன்னீங்களே, இந்தப் படம். ஃப்ளாஷ் நேரா பட்டு இதுலயும் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்துச்சு. அந்த இடது கண்ணு, நான் மை தொட்டு வரைஞ்சதும்மா.