கிழக்கே நீட்டு

வானொலிப் பெட்டியில் இரைச்சலை அடக்க ஒரு குமிழ் உண்டு, ஐயா. விண்கலத்திலிருந்து வரும் செய்திகளைப் பிடிக்க வேண்டுமானால் அதை முழுதாகத் திறந்து வைக்க வேண்டும். இரைச்சல் எரிச்சலூட்டும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அதை மூடி வைத்திருந்தேன். பல வருடங்களாக அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவன் செய்யக்கூடாத தவறு. கேபிளை மாற்றினேன், ஆன்டெனாவை மாற்றினேன், கணினியையும் மாற்றினேன். திரை வெறுமையாகவே இருந்தது. ராசிபுரத்தில் உரிமம் உள்ள இன்னொருவன் குணசீலன், என்னைவிட இளையவன். அவன் வந்து குமிழைத் திருகினான். யார் யாரோ அனுப்பி, விண்கலம் வாங்கித் திருப்பி அனுப்பும் சின்ன எழுத்துச் செய்திகள் அவரவருக்கு உரிமத்தோடு கிடைக்கும் பெயர் போன்ற அழைப்புக்குறியோடு திரையில் விழுந்தன.

அதை அவன் டீக்கடையில் சொன்னான்.

"அண்ணன் காதைப் பொத்திக்கிட்டு வானத்தைத் திட்டிட்டு இருந்தாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்குக் காது தெறந்திருக்குதுங்களாண்ணா?" என்பான். கெட்டவன் அல்ல.

ஒரு மாலை, செய்திகள் பாதியில் உடைகின்றன என்று அவனை அழைத்தேன். அப்படி ஒரு கோளாறு இல்லை. அவன் அப்பா சென்னியப்பனும் கூட வந்தார். என் அறையில் உட்கார்ந்து காபி குடித்தார். குணசீலன் அலுமினியக் குழாயில் கட்டிய ஆன்டெனாவோடு மொட்டை மாடிக்குப் போனான். விண்கலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் திரை கீழே என்னிடம் இருந்தது.

"எங்கீங்ண்ணா வருது?"

"தலைக்கு மேலே தாண்டிருச்சு. கெழக்க நீட்டு."

கிழக்கே, தென்னை ஓலைக்குள் மறைந்தபடி உயரழுத்த மின்கம்பி போகிறது. வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும்.

குழாய் கம்பியில் பட்டு அவன் விழுந்த பிறகுதான் விண்கலத்தின் செய்தி வந்து பெட்டி கத்தத் தொடங்கியது. எல்லோரும் விபத்து என்றார்கள்.

காரியம் முடிந்ததும் சென்னியப்பன் என் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

"பையன் பேரு இதுல வருமுங்களா, சாமி?"

வரும் என்றேன். பக்கத்து அறையில் இருந்த இன்னொரு பெட்டியிலிருந்து, குணசீலனின் அழைப்புக்குறியில் ஒரு வரி அனுப்பினேன். விண்கலம் அதைத் திருப்பி அனுப்பியது. அவருக்கு வாசித்துக் காட்டினேன்: அப்பா, சாப்டீங்களா. அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். அன்று எங்கள் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டார். அவர் வரும்போதெல்லாம் நான் அனுப்பினேன். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்.

அவர் கற்றுக்கொண்டும் இருந்தார். விண்கலம் எப்போதும் மேற்கில்தான் தலைகாட்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

போன வாரம் கேட்டார். "பையன் உளுந்ததுக்கப்புறந்தானுங்களே பொட்டி கத்துச்சு?"

"ஆமாங்க."

"அப்ப அது மேக்கால இன்னும் வரவே இல்லீங்களே. ஏஞ்சாமி கெழக்க நீட்டச் சொன்னீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவன் பேருல அனுப்பறதும் நீங்கதான்னு தெரியுமுங்க. நாளைக்கும் வாரேன். போடுங்க."

அன்றுமுதல் அவர் திரையைப் பார்ப்பதில்லை. என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

குணசீலனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்று மாலையும் விண்கலம் வரும். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் பெரியவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், ஐயா.