பட்டனுக்குக் கங்காரு மட்டும்

டாக்டர்: காதைத் திருப்பறேன், நாயைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க நோரீன்... ம்ம். மறுபடியும் சிவந்துபோச்சு.

நோரீன்: நல்லாத்தானே இருந்தா... அஞ்சாவது வாரம் சொறியறதையே விட்டுட்டா.

டாரில்: ராத்திரி பூரா தூங்குனா டாக்டர். நாங்களும் தூங்குனோம்.

நோரீன்: நீ என்னைக்குத் தூங்காம இருந்தே?

டாக்டர்: பாதம் காட்டு பட்டன்... அடடா, விரல் இடுக்கெல்லாம் நக்கி நக்கிப் புண்ணாக்கி வெச்சிருக்கியே. எப்ப ஆரம்பிச்சுது?

டாரில்: ரெண்டு வாரம் இருக்கும்.

நோரீன்: பன்னெண்டு நாள். டைரியில இருக்கு.

டாரில்: டைரியில இருந்தா சரி. அதுக்கு மேல கோர்ட்டே இல்ல.

டாக்டர்: கொடுங்க பார்ப்போம்... கங்காரு கறி, சர்க்கரைவள்ளி. கங்காரு கறி, சர்க்கரைவள்ளி... அம்பத்தி நாலு நாளும் இதேதானா?

நோரீன்: இதுவரைக்கும் அவ வாயில படாத கறியா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.

டாரில்: ஃபிரீசர் பூரா கங்காருதான். என் ஐஸ்கிரீமுக்கு இடமில்ல.

நோரீன்: உன் ஐஸ்கிரீமை உன் வீட்டுல போய் வெச்சுக்கோ.

டாக்டர்: இன்னும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?

டாரில்: உங்க உத்தரவாச்சே! நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம். பட்டன் ஒரு வாரம் நோரீன் வீடு, ஒரு வாரம் என் வீடு. இப்படி ரெண்டு சமையல்ல சாப்பிட்டா எது அரிப்பு கொடுக்குதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, எட்டு வாரம் ஒரே வீடு, ஒரே தட்டுன்னீங்க. நான் பெட்டியைத் தூக்கிட்டு இவ வீட்டுப் பின்அறைக்கு வந்துட்டேன்.

நோரீன்: நாய்க்காக.

டாரில்: நாய்க்காகத்தான். வேற எதுக்கு?

நோரீன்: நான் ஒண்ணும் கேக்கலையே.

டாக்டர்: சரி... உண்ணி இல்ல. தோல்ல டேப் ஒட்டி எடுத்துப் பார்த்தாச்சு, பூஞ்சையும் இல்ல. வேற ஏதாவது சாப்பிட்டாளா? மாத்திரையைச் சீஸ்ல பொதிஞ்சு கொடுத்தது... பக்கத்து வீட்டுக்காரங்க பிஸ்கட்...

நோரீன்: ஒரு துண்டு கூட இல்ல. இவனை நான் சமையலறைப் பக்கமே விடறதில்ல.

டாரில்: நான் தின்னு மிச்சம் வெக்கிற டோஸ்ட் ஓரத்தைக் கூட நோரீன் எண்ணி வாங்கிக்குவா டாக்டர்.

டாக்டர்: அப்படின்னா இது சாப்பாட்டால வர்றது இல்லன்னு ஆகுது. புல்லு, தூசி, இந்த டவுன்ஸ்வில் புழுக்கம்... அதுக்கு வேற மாத்திரை. எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். ஆயுசு பூரா கொடுக்கணும், நடுநடுவுல ரத்தம் எடுத்துப் பார்க்கணும்.

நோரீன்: ஆயுசு பூராவா... அவளுக்கு நாலு வயசுதானே ஆகுது.

டாக்டர்: எனக்கும் விருப்பமில்லதான். சாயந்திரம் பிரிஸ்பேனுக்குக் கிளம்பிடுவேன், மறுபடி வர ரெண்டு மாசம். அதான் இன்னைக்கே முடிவு சொல்றேன்.

நோரீன்: இன்னும் கொஞ்ச நாள்... இதே சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தா?

டாக்டர்: ஒழுங்காக் கொடுத்தும் திரும்பி வந்திருக்கே. அப்புறம் எதுக்கு? தவிர, இவர் ஊரை விட்டுப் போறாருன்னு ரிசப்ஷன்ல சொன்னீங்களாம்?

நோரீன்: ஆமா. அடுத்த வாரம் மவுன்ட் ஐசா. சுரங்கத்துல வேலை. மூணு வாரம் முன்னாடி லெட்டர் வந்துச்சு. இந்த எட்டு வாரம் முடியட்டும்னுதான் காத்துக்கிட்டிருக்கான். பட்டன் எனக்கே.

டாக்டர்: சரி, மாத்திரை எழுதிடறேன்...

டாரில்: எழுதாதீங்க டாக்டர்.

டாக்டர்: ஏன்?

டாரில்: நான்தான் கொடுத்தேன். சனிக்கிழமை... ஹார்ட்வேர் கடை வாசல்ல சாசேஜ் சுட்டு விப்பாங்களே, அதுல பாதி. அதுக்கு முந்தின சனிக்கிழமையும்.

டாக்டர்: டாரில்! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

டாரில்: வெக்கமா இருந்துச்சு.

நோரீன்: பொய் சொல்றான்.

டாக்டர்: என்னது?

நோரீன்: ரெண்டு சனிக்கிழமையும் இவன் கடைக்கே போகலை. என் வீட்டுக் கூரையில ஏறி மழைத்தண்ணிக் குழாய்ல இருந்த இலையை அள்ளிக்கிட்டிருந்தான். ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நான் கீழே நின்னேன்.

டாரில்: நோரீன், சும்மா இரேன்...

டாக்டர்: செய்யாததை எதுக்குச் செஞ்சேன்னு சொல்றீங்க? ரெண்டு பேரும் நாயையே பார்த்துக்கிட்டிருந்தா எப்படி? அது வாயைத் திறந்து சொல்லாது.

நோரீன்: கோழி.

டாக்டர்: கோழியா?

நோரீன்: சுட்ட கோழி. வியாழக்கிழமை சாயந்திரம் இவன் கிளப்புல பந்து உருட்டி பவுல்ஸ் ஆடப் போயிடுவான். அப்ப... முதல்ல தோல் மட்டும். அடுத்த வாரம் ஒரு தொடை. ரெண்டே தடவைதான் டாக்டர்.

டாக்டர்: டைரியை இவ்வளவு சுத்தமா எழுதிட்டு, நீங்களா?

நோரீன்: அவளுக்குக் குணமாயிட்டா எட்டு வாரம் முடிஞ்சிடும். முடிஞ்சா இவன் பெட்டியைத் தூக்கிடுவான்... பாதத்தை நக்கிக்கிட்டே என்னைப் பார்ப்பா டாக்டர். தாங்கலை. ஆனாலும் கொடுத்தேன்.

டாக்டர்: அப்ப கோழிதான் காரணம்னு ஏறக்குறைய தெரிஞ்சுபோச்சு. நல்ல முறையில இல்ல, ஆனா தெரிஞ்சுபோச்சு. மாத்திரை வேண்டாம். இன்னும் எட்டு வாரம் கங்காரு. யார் எந்த வீட்டுல இருக்கீங்களோ, எனக்குத் தெரியாது. தட்டு மட்டும் ஒண்ணா இருக்கணும்.

நோரீன்: டாரில்... நீ ஏன் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்டே?

டாரில்: வெள்ளிக்கிழமை காலையில குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிட்டுப் போறது யாரு? நீ தின்னுட்டு பேப்பர்ல சுத்தி ஒளிச்ச கோழி எலும்பை, அவளுக்குத் தோல் கொடுத்த மொதல் வாரமே பார்த்துட்டேன். பட்டன் சொறியறதையும் பார்த்துக்கிட்டே வாயைத் திறக்காம இருந்தேன்... அன்னைக்கே சுரங்கத்துக்குப் போன் பண்ணி, மவுன்ட் ஐசா வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்.