உறைக்குள் இருந்த எண்

இந்த அறையில் காபி பரவாயில்லை. எங்கள் கட்டடத்து இயந்திரம் தருவது கழுநீர். என் பக்கத்து மேஜை நேஷா அதைக் குடிக்க மாட்டாள். ஊர் போய் வரும்போதெல்லாம் லுப்லியானாவிலிருந்து காபித்தூள் கொண்டு வருவாள், எனக்கும் சேர்த்து.

அவளுடைய அளவீட்டில் எங்கே தவறு என்று விசாரிக்கத்தானே உங்கள் குழு என்னை அழைத்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், எழுதிக்கொள்பவருக்காகச் சொல்கிறேன். சுரங்க வளையத்தில் புரோட்டான்கள் மோதும்போது எப்போதாவது குவார்க் என்ற கனத்த துகள் ஒன்றும் அதன் எதிர்த்துகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கண்ணிமைக்கும் முன் உடைந்து மியூவான் என்ற இரண்டு சிறு துகள்களாகிவிடும். அந்த ஜோடிகளை எண்ணுவதுதான் நேஷாவின் ஐந்து வருட வேலை. விடை முன்பே தெரிந்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். அதனால் ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி விடையை மறைத்து வைப்பது எங்கள் வழக்கம். கடைசியில் அதே எண்ணால் வகுத்தால் உண்மை விடை வரும். அந்த அளவீட்டில் சேராத ஒருவர் அதுவரை எண்ணை உறையிலிட்டுக் காப்பார். அது நான்.

உறை திறந்ததும் அவள் ஊருக்குப் போய்விடுவதாக இருந்தாள். அங்கே வேலை தயார். ஆறு வயது மகள் சாலா, அக்கா வீட்டில் காத்திருந்தாள்.

"அம்மா, எப்ப வருவ?"

"உறையைத் திறந்ததும் ஓடி வந்துடுவேன்டி தங்கம்."

தினமும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இந்தப் போன் பேச்சைக் கேட்டேன். நான் போகாதே என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை.

உறை திறக்கும் நாளில் கேக் வாங்கியிருந்தார்கள். "அடைகாத்தது போதும் காஸ்பார், எடு!" என்று சிரித்தாள். கொடுத்தேன். அவள் விடை, வேறு வழியில் அளந்த இன்னொரு குழுவின் விடையைவிட எட்டரை சதவீதம் அதிகமாக வந்தது. கேக்கை யாரும் வெட்டவில்லை.

பதினான்கு மாதம் தவறைத் தேடினாள். தினமும் மாலையில் நானும் கூட உட்கார்ந்து தேடினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருமுறை கேட்டாள்.

"கோவிச்சுக்காத, நீ குடுத்த எண் சரிதானே?"

"என்னையே சந்தேகப்படுறியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. மறுநாள் மன்னிப்புக் கேட்டு, வால்நட் வைத்த ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். நன்றாக இருந்தது.

லுப்லியானா வேலை வேறொருவருக்குப் போயிற்று. சாலா போனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "விளையாடுறாளாம்" என்பாள் நேஷா, போனைக் கையில் வைத்துக்கொண்டே. போன வெள்ளிக்கிழமை, தன் வேலை முழுவதும் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேஜையைக் காலி செய்து ஊருக்குக் கிளம்பினாள்.

"எனக்கு எண்ணக்கூடத் தெரியல காஸ்பார். உன் நேரத்தையும் வீணாக்கிட்டேன். மன்னிச்சுடு."

அந்த மேஜையைப் பார்க்க முடியாமல் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அவள் வேலையில் தவறே இல்லை. உறையில் 1.17 என்று இருந்தது. திறக்கும் நாள் காலையில் நான் மாற்றி எழுதியது. உண்மையான எண் 1.27. அதால் வகுத்துப் பாருங்கள், இரண்டு விடைகளும் அப்படியே பொருந்தும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நீங்கள் அவளுக்கு எழுதிவிட வேண்டாம். நாளைக்கு லுப்லியானாவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், நானே சொல்கிறேன். கேட்டதும் உடைந்துபோவாள். அந்த நேரத்தில் அவளுக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா?