இடப்பக்க இருக்கை

இந்த ஸ்டேஷன் மின்விசிறிக்கு உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியாது. நடந்தபடியே சொல்கிறேன், எழுதுகிறவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் சிங்கராயர். கள்ளக்குறிச்சியில் டீசல் கார்களுக்கு டர்போ மாற்றித் தருகிறேன். எஞ்சினிலிருந்து வரும் புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அதுதான் டர்போ, சுற்றும்போது விசிலடிக்கும். கம்பெனி போட்டு அனுப்பியதில் திருப்தி இல்லாதவர்கள் என்னிடம் வருவார்கள். என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டி முதல்முறை கல்வராயன் மலை ஏறும்போது, ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்து போவேன். வேறு உத்தரவாதம் எதுவும் நான் கொடுப்பதில்லை. நான் உட்காருவதுதான் உத்தரவாதம், ஊருக்கே தெரியும்.

டயர் கடை சின்னதுரைக்கு முதலில் சாதாரண டர்போதான் போட்டேன். ஏற்றத்தில் கொஞ்சம் தாமதித்து இழுத்தது. அந்த வகை அப்படித்தான், முன்னாலேயே சொல்லியிருந்தேன். அவர் டீக்கடையில் அத்தனை பேர் நடுவில், "மேஸ்திரி போட்டது நல்லா விசிலடிக்குது. வண்டிதான் போவ மாட்டேங்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து நான் விசில் மேஸ்திரி ஆகிவிட்டேன். பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் யாராவது விசிலடித்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட பின்னால் யாரோ அடிப்பதுபோல் இருக்கும், திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். தூக்கம் போயிற்று. என் மகள் லிடியாவும் ஒருமுறை சோறு போட்டுக்கொண்டே அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்துவிட்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சின்னதுரையே வந்து, விஜிடி டர்போ வேண்டும் என்றார். அதற்குள் சின்னச் சின்ன இதழ்கள் இருக்கும். வண்டி மெதுவாகப் போகும்போது அவை குறுகி, கொஞ்சம் புகையையும் சீறிப் பாய வைக்கும். வேகம் கூடினால் விரிந்து கொடுக்கும். அதனால் தாமதம் இல்லாமல் இழுக்கும். கார்களுக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. இதழ்களை நானே துடைத்துப் பொருத்தினேன், வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எண்ணெயைத் தடுக்கும் வளையத்தை மட்டும் தேய்ந்ததாகப் பார்த்துப் போட்டேன்.

ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் அந்த வழியாக எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கும். டீசல் எஞ்சின் அதையே குடித்து ஓட ஆரம்பிக்கும். அப்புறம் சாவியை எடுத்தாலும் நிற்காது. அவர் கேட்டது இழுவை. அதைத்தான் கொடுத்தேன்.

மலை ஏறப் புறப்பட்டோம். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில், தலை சுற்றுகிறது என்று நான் இறங்கிக்கொண்டேன். சின்னதுரை கண்ணாடியை இறக்கி, "இன்னா மேஸ்திரி, உங்க வேலைய நீங்களே நம்பலியா?" என்றார். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லிடியாவும் அங்கே நின்றிருந்தாள். மலைமேல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அந்த நேரத்துக்கு அவள் பஸ்ஸுக்கு நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். நான் போன பிறகு அவள் ஏறியிருக்க வேண்டும் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை.

"நான் ஏறிக்கட்டாப்பா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வது? நான் வேலை பார்த்த வண்டியில் என் மகளே ஏறவில்லை என்றால் அந்த விசில் என் கல்லறை வரைக்கும் வரும்.

"ஏறிக்கோம்மா. பஸ்ஸுக்கு எதுக்கு காத்துக்கினு நிக்கற" என்றேன்.

சின்னதுரை வாயை மூடிக்கொண்டார். நிறுத்தத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு என் மனசு அந்த ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

வண்டி எப்படி இழுத்தது என்று அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். சாவியைக் கையில் எடுத்த பிறகும் அலறிக்கொண்டு ஏறியது, திருப்பத்தில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போனது என்று. அவருக்குக் கால் மட்டும் முறிந்தது. பாறையில் மோதியது நான் உட்கார்ந்திருந்த இடப்பக்கம். லிடியாவை நேற்றுக் காலையில் அடக்கம் செய்தோம். வண்டி போகவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மேடம். அவள் ஏறியதும் நானே குனிந்து அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டேன், இழுத்தும் பார்த்தேன். பெற்ற தகப்பனாகச் செய்ய வேண்டியதில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.