நெஞ்சுச் செட்டை

தேத்தண்ணீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. வெள்ளவத்தைப் பொலிஸில் இவ்வளவு நல்ல தேத்தண்ணீர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் ரைட்டர் மெதுவாகத்தான் எழுதுகிறார். பரவாயில்லை, நானும் நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் ஸாலிஹ். புறக்கோட்டையில் வாப்பாவின் புடவைக்கடையை நான்தான் நடத்துகிறேன். கடலில் போன தாஸிம் என் தம்பி, மூத்தவன் என்று என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் கூடப்பிறந்தவன் அல்ல.

கொலன்னாவையில் காய்ச்சல் வந்த வருஷம் அவனைப் பெற்றவர்கள் ஒரே கிழமையில் மௌத்தானார்கள். அப்போது என் உம்மா பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, பால் கட்டிய நெஞ்சோடு படுத்திருந்தார். யாரோ இவனைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். எங்கள் மார்க்கத்தில் ஒரே தாயிடம் பால் குடித்தால் அதுவும் உடன்பிறப்புதான். ஊரில் ஒருவரும் வேற்றுமை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆனால் முப்பது வருஷம் வெளியே காட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் தூண்டில் போடுவீர்களா, ஐயா? போடாதவருக்கு இது கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். துரைமார் சீமையிலிருந்து ட்ரவுட் மீனின் முட்டையை வரவழைத்து, நுவரெலியாவில் பொரிக்க வைத்து, சீமெந்துத் தொட்டியில் தீனி போட்டு வளர்த்து, பிறகு ஓடைகளில் விடுகிறார்கள். விட்டவற்றில் சில ஆற்றிலேயே குஞ்சு பொரிக்கும். ஆகவே நம் தூண்டிலில் மாட்டுவது தொட்டியில் வளர்ந்ததா, ஆற்றில் பிறந்ததா என்பது பெரிய வழக்கு. என் சிநேகிதர் ஒஸ்வால்ட், ரயில்வேயில் வேலை, பறங்கி மனிதர், இதைப் பற்றி மருதானையிலிருந்து நானுஓயா வரைக்கும் வாய் ஓயாமல் கதைப்பார். ஆற்று மீன் மாட்டினால் தண்ணீரைவிட்டு எழும்பித் துள்ளும் என்பார். தொட்டி மீன் நாலு இழுப்பில் களைத்து, பெட்டைக்கோழி மாதிரி கைக்கு வரும்.

"தொட்டி மீன் மனுசன்ட நெழலக் கண்டா தீனி வருதெண்டு கிட்ட வரும், ஸாலிஹ். ஆத்து மீன் ஓடிரும்" என்பார்.

தாஸிம் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டான். "ரெண்டு மழைக்காலம் ஆத்துல ஈந்தா அதுவும் ஆத்து மீன்தானே" என்பான். அவன் எதற்காக அப்படிச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். பாவம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஒஸ்வால்டின் மச்சான் தயவில் எங்களுக்கு வருஷத்தில் ஒரு முறை மலைநாட்டில் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு கிடைக்கும். இந்தச் சித்திரையில் நானும் ஒஸ்வால்டும் போனோம். மூன்று றாத்தலில் ஒன்று எனக்கு மாட்டியது. அப்படி ஒரு துள்ளல் நான் கண்டதே இல்லை. கரைக்கு எடுத்துப் பார்த்தேன். முதுகுச் செட்டை, அந்தத் துடுப்பு, தேய்ந்து மொட்டையாக இருந்தது. சீமெந்துத் தொட்டியில் ஒன்றோடொன்று உரசி வளர்ந்தால் செட்டை அப்படித்தான் ஆகும். ஒஸ்வால்ட் மேலே வளைவில் இருந்தார். பேனாக்கத்தியால் அந்தச் செட்டையை அடியோடு அரிந்து ஓடையில் போட்டேன்.

மறுநாள் வீட்டில் விருந்து. மீனை ஐஸோடு தட்டில் வைத்து, வந்தவர்களுக்குக் காட்டி, இது ஆற்றில் பிறந்தது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நாக்கு சும்மா கிடக்கவில்லை. "வளர்ப்பு வளர்ப்புதான். தானாடாட்டியும் தன் சதை ஆடும்" என்றேன். அப்போது நான் பார்த்தது மீனை அல்ல.

தாஸிம் குனிந்து மீனைப் பார்த்தான். "நானா, இது தொட்டி மீன். நெஞ்சுச் செட்டை ரெண்டும் தேஞ்சீக்கி, பாருங்க" என்றான். முதுகுச் செட்டை என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஐஸ் பெட்டியில அடிபட்டு உடைஞ்சீக்கும்" என்று சொல்லிவிட்டான்.

நெஞ்சுச் செட்டையை நான் மறந்துபோனேன், ஐயா. இருபது வருஷம் தூண்டில் பிடித்தவன் செய்கிற தவறா அது? எல்லோரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவன் எனக்காகப் பொய் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாப்பாட்டுக்கு ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். சோறு ஒரே தட்டில் இருந்தாலும் அவரவர் பக்கம் அவரவருக்கு. மீனின் வயிற்றுத் துண்டு மூத்த மகனுக்கு. அது எங்கள் வீட்டு வழக்கம். வாப்பா அன்றைக்கு அதைப் பிட்டு தாஸிமின் பக்கத்தில் வைத்தார். "கண்ணுள்ளவன் திங்கட்டும்" என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். தாஸிம் அந்தத் துண்டை இரண்டாக்கிப் பாதியை என் பக்கம் தள்ளினான். நான் தின்றேன். என்ன ருசி என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனியில் கச்சான் காற்று பிடித்துக் கடல் கலங்கிப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் தாஸிமும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கடலோரக் கற்களில் தூண்டில் போடப் போனோம். அங்கே தாழ்வாக, பாசி பிடித்த கல் ஒன்று உண்டு. ஆறேழு சின்ன அலைக்கு ஒரு பெரிய அலை வந்து அதை மூடும். தாஸிம் அதில் கால் வைக்க மாட்டான், மற்றவர்களையும் விடமாட்டான். நான் அலையை எண்ணிப் பார்த்து, அதைத் தாண்டி உயரமான கல்லில் ஏறி நின்றேன். பிறகு கூப்பிட்டேன்.

"தாஸிம், பெரிசு ஒண்டு மாட்டீக்கிது. கைவலையக் கொண்டா."

என் தூண்டிலில் ஒன்றும் இல்லை. அவன் வலையோடு அந்தத் தாழ்ந்த கல் வழியாக ஓடி வந்தான். கடலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மரண விசாரணையில் கால் தவறி விழுந்தான் என்று எழுதினார்கள். நான் அப்படித்தான் சொன்னேன். நேற்று நாற்பதாம் நாள் கத்தம் ஓதினோம். புருஷன் மௌத்தானதால் இத்தாத் தனிமையில் இருக்கிற அவன் பெண்சாதி லுத்பியா திரைக்கு அப்பாலிருந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் தானா அந்தக் கல்லுக்குப் போக மாட்டாரே, நானா. ஆரு கூப்புட்ட?" என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. உம்மாவும் அங்கேதான் இருந்தார். அதனால்தான் இன்று இங்கே வந்தேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் உடனே போய்விடவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் எட்டடி இருக்கும். கையிலிருந்த என் மூங்கில் தூண்டில் தடி பன்னிரண்டு அடி. மூன்று முறை மேலே வந்தான். இவ்வளவு நேரம் போராடுவான் என்று நான் நினைக்கவில்லை. ஆற்று மீன்கூட அப்படிப் போராடி நான் பார்த்ததில்லை. கடைசியாக வந்தபோது நான் கல்லின் ஓரத்தில் நிற்பதைக் கண்டான். குதிக்கப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, கையை உயர்த்தி வேண்டாம் என்று ஆட்டினான்.

"வராதீங்க நானா, கடல் மோசம்" என்றான்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தம்பி தடுத்தான். அதனால்தான் நான் இறங்கவில்லை.